வாளிக்குப் பதினொரு வருஷ சேவை

கண்டியில் நான் கிளார்க்காக இருந்த அரசாங்க அலுவலகத்தில் பைல் அறையின் கூரை ஒழுகும். ஒழுகும் இடத்தில் ஒரு தகர வாளி. அதில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தோடுதான் நாங்கள் வேலை பார்த்தோம். இப்போது நினைத்தால் அதற்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளில் ஒரு மழைநாள் காலை, அந்த வாளியின் பிடியில் ஒரு துண்டுக் காகிதம் தொங்கியது. தமிழ் டைப்ரைட்டரில் அடித்திருந்தது:

"இந்த வாளிக்கு இங்கே பதினொரு வருஷ சேவை. இன்னும் நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை."

எங்கள் மேலதிகாரி சிங்களவர். என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். கொழும்பிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருந்தவரும் சேர்ந்து சிரித்தபோதுதான் மேலதிகாரியின் முகம் கறுத்தது. யார் எழுதியது என்றார்.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், யாழ்ப்பாணத்தவரான சீஃப் கிளார்க், மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த வேலு. வேலு ஏழு வருஷமாகக் கெசுவல் தொழிலாளி, வேலை நிரந்தரமாகவில்லை. வாளித் தண்ணீரைக் கொட்டுவதும் அவர்தான். மதிய இடைவேளையில் ஒற்றை விரலால் டைப் அடித்துப் பழகுவார். சீஃப் கிளார்க்கோ சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற மனிதர். நான் யோசிக்கவே இல்லை, வேலுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வேலுவுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் நேரே என் மேசைக்கு வந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"நான் எழுதலைங்க ஐயா. நான் வந்தப்பவே வாளி இங்கதான் இருந்திச்சு. அது எத்தன வருஷம்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரி யாருக்கு வலிக்கும் என்று பார்த்தேனே தவிர, அந்தக் கணக்கு யாருக்குத் தெரியும் என்று பார்க்கவில்லை. நான் மாற்றலாகி வந்தே மூன்று வருஷம். எங்கள் மூவரில் பதினொரு வருஷத்துக்கு முன்பும் அங்கே இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

பேராதனைக்கு அலுவலாகப் போயிருந்த சீஃப் கிளார்க் பிற்பகல்தான் திரும்பினார். அவர் கதிரையில் உட்காருமுன்பே நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம், நான்தான் எழுதினனான். வேலுவை நிரந்தரமாக்கச் சொல்லி ஆறு மெமோ அனுப்பினன். ஒண்டையும் ஒருத்தரும் வாசிக்கேல்லை. இதை எல்லாரும் வாசிச்சிட்டினம்."

அப்படியே எழுந்து மேலதிகாரியின் அறைக்குப் போனார். கொழும்புக்காரர் அந்த ஆறு மெமோக்களையும் எடுத்துவரச் சொன்னார். வேலு மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார்; அடுத்த வருஷம் நிரந்தரமானார். ஓய்வுபெற மூன்று மாதமே இருந்த சீஃப் கிளார்க்கின் பர்சனல் பைலில் மட்டும் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது. அவருடைய சேவையிலேயே அது ஒன்றுதான். அதை அவருக்கு டைப் அடித்துக் கொடுத்தவன் நான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

பெயர் போடாத பகிடியோ கிண்டலோ ஒன்றைப் பார்த்தால், எழுதியது யாராக இருக்கும் என்று இப்போதும் ஊகிப்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். யாரிடமும் சொல்வதில்லை.