எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி

தம்பிக்கு எதுவும் சும்மா வந்துவிடவில்லை. பேச்சே வராது என்றார்கள். வாய் ஓயாமல் பேசினான். பிறவியிலேயே நடுங்கும் கையால் பேனா பிடிக்க முடியாது என்றார்கள்; பிடித்தான். அதே கையால் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பிரித்துப் பூட்டி முப்பது வருடம் சம்பளம் வாங்கினான். இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற வாயெல்லாம் மூடும்படி கல்யாணமும் செய்துகொண்டான். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் அக்கா இதை ஒன்று விடாமல் சொல்லி முடிப்பாள்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் செருப்பு அலமாரிமேல் வைத்து வீட்டுக்குச் சர்வர் ஆக்கினான். ஆல்பத்துப் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, ஒவ்வொரு கோப்புக்கும் படம் எடுத்த நாளையே தேதியாகப் போட்டான். பிறகு மனைவி இறந்தாள். மூளையில் ஏதோ அடைப்பு வந்து அவன் ஞாபகம் சல்லடையாயிற்று. அக்கா தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து கூடத் தங்கினாள். தினமும் காலையில், அவள் சாவு வரையிலான படங்களைத் தேதி வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால்தான், மனைவி போய் வருடங்கள் ஆகிவிட்டன என்பது அவனுக்குப் பிடிபடும்.

அந்தச் சர்வரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது என்று திரையில் அறிவிப்பு வந்தது.

"கட்டளையெல்லாம் விரல்ல இருக்கறப்பவே புதுசுக்கு மாத்திடறேன்க்கா."

"முதல்ல படத்தை வேற டிஸ்க்ல எடுத்து வைடா. அப்புறம் உன் வீரத்தைக் காட்டு."

நகலெடுத்தான். அக்கா எண்ணிக்கையை இரண்டு தடவை சரிபார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. தேதியையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லும் ஒற்றை எழுத்தை, ஒருநாளும் மறக்காதவன், கட்டளையில் விட்டிருந்தான்.

மேம்படுத்தல் டிஸ்க்கில் இடம் போதாமல் பாதியில் நின்றது. கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிய பதிப்பை நிறுவி, படங்களைத் திரும்ப ஏற்றினான்.

"ஜெயிச்சாச்சு! டீ போடு."

மறுநாள் காலை அவன் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அவ நேத்தா போனா? எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

திரையில் கல்யாணமும் சாவும் நேற்று நகலெடுத்த ஒரே தேதியில் நின்றன. அவன் விம்மி விம்மி அழுதான், புதுச் சாவுக்கு அழுவதுபோல. நாளைக்கும் இதே அழுகைதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

அழுகை அடங்கும்வரை முதுகைத் தடவிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தள்ளி உக்காருடா. தேதியெல்லாம் எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீ அடி."

முதலில் அவன் மனைவியின் கடைசி நாள். அடுத்தது கல்யாணம். பிறகு ஒரு படத்தில், மேசைமேல் கவிழ்ந்து நாக்கைக் கடித்தபடி ஒரு வாலிபன்.

"இது யாருக்கா?"

"நீதான்டா. அதுவரைக்கும் எங்கேயும் கைநாட்டுதான். வேலையில சேர்றப்ப, மை தடவ வந்தவரை நிறுத்திட்டு, நீயே உன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்ட."

அவன் நடுங்கும் விரலை விசைமேல் வைத்துக் காத்திருந்தான்.

"எழுதிக்கோ. ஜூன் ஒன்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு."