ஆந்தை வீட்டில் முடிவெட்டு

பார்த்துச் செய்வதுதான் அவர் தொழில். சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாரும் போனை நீட்டுவார்கள். அதில் யாரோ ஒருவருடைய தலை இருக்கும். "இதே மாதிரி வெட்டிடுங்க" என்பார்கள். அவரும் படத்துத் தலையையும் கையிலிருக்கும் தலையையும் மாறி மாறிப் பார்த்து, இயற்கை கொடுத்த வழுக்கையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல், மற்றதையெல்லாம் அப்படியே கொண்டுவந்துவிடுவார். கடைசியில் பின்னால் கண்ணாடி பிடித்து, "அதேதானே?" என்று கேட்பார். "அதேதான்" என்று பதில் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், அடுத்தவர் செய்ததைப் பார்த்துச் செய்யக் கூடாது என்று சொன்னால் அவர் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்?

தெருவில் அவருக்குக் காதண்ணன் என்று பெயர். எப்போதோ ஒரு நாள், துள்ளிக்கொண்டிருந்த ஒரு பயலுக்கு முடி வெட்டும்போது கத்தரிக்கோல் காது நுனியைத் தொட்டுவிட்டது. கொஞ்சம் ரத்தம், நிறைய சத்தம். பயல் சீக்கிரமே மறந்துவிட்டான். தெரு மறக்காமல் பெயர் வைத்தது. அவருடைய வலது கையும் மறக்கவில்லை. பெரியவர்கள் தலையில் வெண்ணெயில் ஓடுவது போல ஓடுகிற கை, பிள்ளைகளின் காதோரம் வந்தால் மட்டும் வெடவெடக்கும். அதைப் பார்த்துப் பிள்ளை அழும். அழுகையைக் கேட்டுக் கை இன்னும் ஆடும். பிள்ளையோடு யாராவது படியேறினால் காதண்ணன் வாசலைப் பார்த்தபடியே, "மெஷின் ரிப்பேர்" என்பார். கத்தரிக்கோலுக்கு எதற்கு மெஷின் என்று யாரும் கேட்டதில்லை.

வழி காட்டியது மகளின் வீடியோ கேம். அதில் இருட்டினால் சேற்றுப் பூதங்கள் கிளம்பிவிடும். ஓடிப்போய் ஆந்தை வீட்டுக்குள் நுழைய வேண்டும். ஆந்தை முகமாக ஒரு வாசல், வளைந்த புகைபோக்கி, ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று ஜன்னல்கள். "உள்ள போயிட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. அதுதான் ரூல்" என்றாள் மகள்.

காதண்ணன் அன்று முழுக்க ஒரே இடத்தில் நிற்கவில்லை. சாயங்காலம் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவன் தச்சன். அக்கா மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, கேமை நிறுத்தி நிறுத்தி அளவெடுத்தான். கேமில் வருகிற ஆளை ஜன்னலுக்கு அடியில் நிற்க வைத்து, அந்த ஆளின் உயரத்தை மாமாவின் உயரமாகக் கணக்குப் போட்டுப் பலகையை அறுத்தான். சலூனின் ஒரு மூலையில், ஒரு நாற்காலி கொள்ளும் அளவுக்கு, ஆந்தை வீடு எழுந்தது.

பிள்ளைகள் கண்ணை அகல விரித்தபடி அதற்குள் நுழைந்தார்கள். நுழைந்ததும் கப்சிப். பூதமே தொட முடியாத இடத்தில் கத்தரிக்கோல் என்ன செய்துவிடும்! அக்கம்பக்கத் தெருக்களிலிருந்தும் கூட்டம் வந்தது. ஆனால் காதண்ணனுக்கு விஷயம் கூட்டமில்லை. அந்த வாசலில் குனிந்து உள்ளே போனால் அவர் கை ஆடுவதில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லாமலே தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் தேய்த்த சட்டையோடு ஒருவர் வந்தார். வந்தவர் ஆந்தை வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காதண்ணன் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, துணி போர்த்தி, மெஷினையும் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். வந்தவர் துணிக்கு அடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார். படத்தில் தலை இல்லை, வீடு இருந்தது.

"இந்த மாதிரி பண்ணியிருக்கீங்க போல?"

"மாதிரி எல்லாம் இல்ல சார், அதேதான்! நடு ஜன்னல் ஒரு பக்கமா சரிஞ்சிருக்கும் பாருங்க. அதைக்கூட விடல."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"மச்சினன்தான் செஞ்சான். நம்பர் தரட்டுமா? உங்களுக்கும் அச்சு அசலா செஞ்சு குடுப்பான்."

"அந்த கேமே எங்க கம்பெனியோடது."

"அட! நீங்க வரைஞ்சதா சார்?"

"நான் சட்டப் பிரிவு."

அதற்குள் இடது பக்கம் முடிந்திருந்தது. பாதித் தலையோடு அவராலும் எழுந்திருக்க முடியாது, இவராலும் அனுப்ப முடியாது. வலது பக்கம் முடிகிற வரைக்கும் வாதியும் பிரதிவாதியும் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்க மேல கோபம் எல்லாம் இல்லீங்க. மாசக் கடைசிக்குள்ள எடுத்துடுங்க. இல்லன்னா கேஸ்னு போகும்" என்றார் வந்தவர். காதண்ணன் பழக்கதோஷத்தில் பின்னால் கண்ணாடி பிடித்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அவர், மனதார. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு காதண்ணன் கையில் அகப்பட்ட தலையெல்லாம் ஆலோசனைத் தலை. வேன் டிரைவர், "பேரை மாத்திடுங்கண்ணே, கோழி வீடுன்னு வைங்க" என்றார். ஓய்வுபெற்ற குமாஸ்தா, "அவன் கட்டினது காத்துல, நீ கட்டினது பலகையில. எப்படிய்யா ஒண்ணாகும்?" என்று தொடையைத் தட்டினார். வக்கீல் ஒருவர் சவரத்துக்கு வந்தார். முகம் முழுக்க நுரை. அப்படியும் காதண்ணன் விடவில்லை.

"யோசனைக்குச் சொந்தக்காரன் கிடையாது. உருவத்துக்குத்தான் உண்டு" என்றார் வக்கீல், உதட்டை அசைக்காமல். "உள்ள போனா பூதம் தொடாதுங்கறது யோசனை. அதை யாரும் வச்சுக்கலாம். ஆந்தை வாசல், கோண ஜன்னல், வளைஞ்ச புகைபோக்கி, இதெல்லாம் உருவம்."

"அப்ப நான் தினமும் ஊரான் தலையைப் பார்த்து வெட்டுறேனே?"

"அதுக்கு இதுவரைக்கும் எவனும் எங்கிட்ட வரல. கிளப்பி விட்டுடாதீங்க."

"கொஞ்சம் மாத்திட்டா சார்?"

"எவ்வளவு மாத்தினா போதும்னு எந்தச் சட்டத்துலயும் இஞ்ச் கணக்குப் போடலய்யா."

இஞ்ச் கணக்கு இல்லை என்றதும் காதண்ணனுக்கு இருந்த தூக்கமும் போயிற்று. புகைபோக்கியை நிமிர்த்தினார். வக்கீல் தெருவில் போகும்போது எட்டிப் பார்த்து, "இன்னும் அதான்னு தெரியுதே" என்றார். ஒரு ஜன்னலைச் சதுரமாக்கினார். மகள் வந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "இது வேறப்பா" என்றாள். வாசலுக்குப் பச்சை அடித்தார். அடுத்து வந்த பிள்ளை, "இது டூப்பு!" என்று அலறிக்கொண்டு ஓடியது. சட்டத்தின் கண்ணுக்கு அது இன்னும் அதேதான், பிள்ளைகளின் கண்ணுக்கு அது இனி அதுவே இல்லை. பாவம், அந்த வீடு எங்கேதான் போய் நிற்கும்!

நாற்காலி காலியாக இருந்தாலும் அவர் கத்தரிக்கோல் காற்றை வெட்டிக்கொண்டே இருந்தது. சோறு போடும்போது மனைவி பொறுக்காமல் கேட்டாள்: "நாலு பலகைக்கு இப்படிக் கிடந்து தவிக்கணுமா? பலகையா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு?"

"ஆமா" என்றார்.

அவள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மாதம் முடிவதற்குள் மச்சினன் வந்து கழற்றினான். "திருடன் மாதிரி நம்ம பொருளையே நாம பிரிக்கிறோம் மாமா" என்று ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு தடவை சொன்னான். வாசல் போயிற்று, புகைபோக்கி போயிற்று, ஜன்னல்கள் போயின. மூன்று பக்கம் வெறும் பலகைத் தடுப்பும் நடுவில் நாற்காலியும் மிஞ்சின.

மறுநாள் ஒரு சிறுமி அப்பாவோடு வந்தாள். முன்முடி கண்ணை மறைத்தது. காதண்ணன் "மெஷின்" என்று ஆரம்பிப்பதற்குள் அவள் தடுப்பருகே போய் நின்றுவிட்டாள்.

"ஆந்தை எங்க?"

"எடுத்தாச்சும்மா. அது வேற ஒருத்தரோடதாம்."

"ரூலையும் எடுத்துட்டாங்களா?"

காதண்ணன் போர்த்துகிற துணியை எடுத்து உதறினார். "இல்லம்மா. அதுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்."

அவள் யோசித்தாள். பிறகு, இல்லாத வாசலுக்குக் குனிந்து உள்ளே போய், நாற்காலியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். காதண்ணன் வெளியிலேயே நின்றார். அப்பா போனிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். வேறு வழியில்லை. காதண்ணனும் குனிந்துதான் போனார்.

பிடரியில் தொடங்கினார். அங்கிருந்து காதுக்கு வெகு தூரம். முன்முடியை முடித்தார். வெட்டியதையே மறுபடி சீவினார். சீவுவதற்கு வேறெதுவும் மிஞ்சாதபோது காதோரம் வந்தது. கையும் ஆரம்பித்துவிட்டது.

"ஆடாம இரும்மா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் ஆடுறீங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

காதண்ணன் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி, காதுக்கு மேலே கத்தரிக்கோலைக் கொண்டுபோய், முடியின் முதல் நுனியை வெட்டினார்.