பரண்மேல் தோட்டா

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பழனிக்கு வெளியே எங்கள் மன்றத்தின் துப்பாக்கி சுடும் மைதானத்தில், ஒரு பிஸ்கட் டின் திறக்கப்பட்டது. அதற்குள் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், நான் குடியிருக்கும் கொடைக்கானலின் ஈரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இங்கே உப்பு நீராகிறது. அப்பளம் துணியாகிறது. செருப்பில் பூஞ்சை பூக்கிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தோட்டா நமுத்துப்போனால்?

தோட்டா வாங்குவது அப்பளம் வாங்குவது போன்றதன்று. உரிமத்தை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டும். கடைக்காரர் நம் முகத்தையும் உரிமத்திலுள்ள புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதி, முத்திரையிட்டு, மனமில்லாமல் எடுத்துக் கொடுப்பார். அவ்வளவு பாடுபட்டு வாங்கியதைப் பறக்கும் மண்தட்டுகளின்மீது சுட்டுத் தீர்ப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு. இதில் அறிவுக்கு வேலை உண்டா என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டுச் சலித்துவிட்டாள்.

எங்கள் மன்றத்திலேயே நன்றாகக் குறிபார்ப்பவர் செல்லமுத்து. கொடைக்கானலுக்கு அப்பால், போளூரில் பூண்டு பயிரிடுகிறார். சென்ற ஆண்டு, மன்றத்தின் அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் போட்டியில், அவர் விசையை இழுத்தார். 'டிக்' என்றது. மறுபடி இழுத்தார். மறுபடியும் 'டிக்'... ஈரம்! அணி அவரில்லாமல் புறப்பட்டுப் போயிற்று. அந்த 'டிக்' மட்டும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

இந்த ஆண்டு அவரைச் சேர்க்காமல் அணி போகக் கூடாது என்பது என் ஆசையும்கூட. ஆகவே, சில வாரங்களுக்கு முன் போளூருக்குப் போயிருந்தபோது, தோட்டாக்களை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். பெருமிதத்தோடு மேலே கை காட்டினார். அடுப்புக்கு நேர்மேலே பரண். அங்கே புகையில் உலரும்படி கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூண்டு. பூண்டுக்கு நடுவே அந்த பிஸ்கட் டின்.

"பாருங்க சார், பூண்டே அடுத்த வெதப்பு வரைக்கும் கெடாம கெடக்கு. தோட்டா என்ன, பூண்டை விட நோஞ்சானா?"

"கீழே அடுப்பு எரிகிறதே, செல்லமுத்து?"

"அடுப்பு எரிஞ்சாத்தான சார் புகை வரும்?"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. கூரையில்தான் விழும்.

நான் விளக்கினேன். பூட்டிய பெட்டி, உலர்ந்த இடம், நெருப்பின் நெடிகூட எட்டாத தொலைவு என்று நிதானமாக, முறையாக, நீளமாக விளக்கினேன். அவரோ டின்னை இறக்கிக் கையில் ஏந்தி எடை பார்த்துவிட்டுத் திரும்பவும் மேலே வைத்தார். திறக்கவில்லை. திறந்தால் ஈரம் ஏறிவிடுமாம்.

அடுப்படியில் இருந்த அவருடைய மனைவி பேச்சியம்மாள் மட்டும் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தார்.

"அப்ப, வெடிக்குக் கீழ ஒக்காந்துதான் நான் இத்தன நாளா கொழம்பு வச்சேனா?"

"ஒண்ணும் ஆகாது புள்ள. நீ ஒன் சோலியப் பாரு."

"பாத்துட்டாப் போச்சு."

இனி, ஞாயிற்றுக்கிழமை. இந்த ஆண்டின் தேர்வுப் போட்டி. செல்லமுத்து வெள்ளனே புறப்பட்டு, பூண்டு மூட்டைகள் ஏற்றிய ஜீப்பில், துப்பாக்கியும் டின்னுமாக மலையிறங்கி வந்தார். போட்டியை நடத்தியவர் சிக்கந்தர் பாய். பழனிக் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பாய் தன் பெயரை அழைத்ததும் செல்லமுத்து எழுந்து, டின்னின் மூடியை நெம்பினார்.

பூண்டு வாசனை எழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. நன்றாகக் காய்ந்திருப்பதற்கு அதுதானே அடையாளம்? மேலே கிடந்த காகிதத்தை விலக்கினார்.

பூண்டு. கையை விட்டுத் துழாவினார். பூண்டுக்கு அடியில் ஓர் எடைக்கல்.

"ஏலே மாப்ள," என்றார் பாய், "தட்டைச் சுடச் சொன்னா, தாளிக்க வந்துருக்கியா?"

மைதானமே சிரித்தது. செல்லமுத்து சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்தார். பதற்றத்தில் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டார் போலும். நாங்கள் அனைவரும் கேட்டோம்.

"ஏ புள்ள, தோட்டா எங்க?"

"என் சேலைப் பெட்டியில பூட்டிக் கெடக்கு. ஈரமும் இல்ல, அடுப்பும் இல்ல. அந்த சார் சொன்ன மாதிரியே வச்சிருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"என் சோலியப் பாக்கச் சொன்னீங்கள்ல? பாத்தேன்."

"எடைக்கல்லு எதுக்குடி?"

"பூண்டு மட்டும் இருந்தா எடை கொறையும்ல? ஒரு நா தெறந்து பாத்திருந்தா அன்னைக்கே சண்டை போட்டு முடிச்சிருப்போம். நீங்கதான் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு வச்சுட்டீங்களே!"

செல்லமுத்து என்னை ஏறிட்டார். "சார்... ஒங்க தோட்டாவுல கொஞ்சம்..."

நான் வாய் திறப்பதற்குள் பாய் குறுக்கிட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது அவர் குரலில். "அவங்கவங்க லைசென்ஸ் தோட்டாதான் மாப்ள. நான் எழுதுன ரூல்ஸ நானே மீற முடியுமா?"

போளூர் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். செல்லமுத்து டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாய் உட்கார்ந்தார். இந்த ஆண்டு 'டிக்' என்ற ஓசைக்கும் வழியில்லை.

அடுத்து என் முறை. விதிப்படி வாங்கி, விதிப்படி காத்த தோட்டாக்கள், ஒன்றுகூட நமுக்கவில்லை. சுட்டேன். தட்டுகள் அனைத்தும் நலமாகத் தரையிறங்கின.

புறப்படும்போது செல்லமுத்து டின்னை என்னிடம் நீட்டினார். "கொண்டு போங்க சார். நல்லாக் காஞ்சது... கெடாது." அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். என் சொற்பொழிவின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு நடந்தவர் அந்த அடுப்படியில் ஒருவர் உண்டு. நான் பேசியது அவரிடமன்று.

அன்றைய போட்டியில் குறி தவறாமல் அடித்தவரும் அவர் ஒருவர்தான். மைதானத்துக்கு அவர் வரவில்லை. அவரிடம் உரிமமும் கிடையாது.