மூடி வைத்த மழை

மத்தியான வெயிலில் விருதுநகர் கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கும். நான் மாடி அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். திரை நிறையக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு துண்டு பூமி. தண்ணீர் மேலே இருந்தால் நீலம், கீழே இறங்க இறங்கப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. எங்கள் பக்கத்துப் பூமியில் நீலத்தைப் பார்ப்பது, கல்யாணத்தில் கோபித்துக்கொள்ளாத மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பது மாதிரி. அபூர்வமாக நடக்கும்.

நிலத்தடி நீருக்கு மாதிரி செய்வது என் வேலை. எவ்வளவு மழை பெய்தது, அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, மோட்டார்கள் எவ்வளவு இழுக்கின்றன, கரிசலுக்கு அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் கணக்கில் போட்டுத் திரைக்குள் இன்னொரு பூமியைச் செய்ய வேண்டும். அந்தப் பூமியின் கிணறுகளும் நிஜக் கிணறுகளும் சேர்ந்தாற்போல ஏறி இறங்கினால், அடுத்த கோடை எப்படியிருக்கும் என்று அதனிடம் கேட்கலாம். கொஞ்சம் விஞ்ஞானம், கொஞ்சம் பகல்கனவு. எனக்கு இரண்டாவதில்தான் ருசி அதிகம்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கிராமத்தில். கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி வேலை, பிறகு பட்டாசு. விடிகிற நேரத்துக்குக் கம்பெனி வேன் வரும், ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அவள் வேனில் ஏறியதால்தான் நான் கல்லூரி பஸ்ஸில் ஏறினேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எங்கேயோ ஒரு கம்பெனியில் சத்தம் கேட்டதாம் என்று தெருவில் யாராவது சொன்னால் உடனே அவளைக் கூப்பிடுவேன். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் சாயங்காலம் வரை அது அடித்துக்கொண்டேயிருக்கும். அந்தப் பகல்களில் நான் எந்த வேலையும் பார்த்ததில்லை.

மச்சானுக்குப் பாகம் பிரித்ததில் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வந்தன. பல காலமாக யாரும் இறைக்காமல் தூர்ந்து கிடந்த கிணறு. அக்காவும் அவரும் ஆள் வைத்துத் தூர் வாரி, பாறையையும் உடைத்து ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் சுரந்தது. கோடையிலும் அது நிற்குமா என்பது மட்டும் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கோ மல்லிகை போட வேண்டும் என்று ஆசை. மல்லிகை கொட்டிப் பூப்பதும் கோடையில்தான், தண்ணீர் கேட்பதும் கோடையில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்று மேட்டில் உட்கார்ந்து கேட்டாள். "சித்திரையில தண்ணி நிக்குமான்னு உன் கம்ப்யூட்டர்ட்ட கேட்டுச் சொல்லு பாப்பா. நிக்கும்னா தீவாளியோட கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவேன்."

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் படித்த படிப்புக்கு முதல்முறையாக ஓர் அர்த்தம் வந்த மாதிரி இருந்தது.

அவள் ஊரைச் சுற்றியுள்ள பகுதியையும் என் ஆய்வில் சேர்த்துக்கொண்டேன். மச்சான் வாரம் தவறாமல் கிணற்றுக்குள் டேப் விட்டுத் தண்ணீர் மட்டத்தைப் போனில் சொல்வார். மழையை அளக்க ஒரு மழைமானி வேண்டும். மரமோ சுவரோ மறைக்காத வெட்டவெளி, ஆடு மாடு வந்து முட்டாத இடம். அப்படிப் பார்த்தால் பட்டாசுக் கம்பெனியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு ஷெட்டுக்கும் இன்னொரு ஷெட்டுக்கும் நடுவே விலகி விலகிக் கிடக்கும் காலி நிலம், சுற்றிலும் வேலி. அது எப்படி வேலை செய்யும் என்றுகூடக் கேட்காமல், அக்காவே போர்மேனிடம் பேசி அனுமதி வாங்கினாள். தீப்பொறி பயத்தில், பேட்டரி வைத்த கருவிக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். அதனால் மேலே புனல், உள்ளே குடுவை என்று சாதாரணக் கருவி ஒன்றை, பட்டாசு காயப்போடும் களத்தின் ஓரத்தில் நட்டோம். காலையில் கம்பெனிக் கணக்கப்பிள்ளை குடுவையில் இருப்பதை அளந்து எனக்கு அனுப்ப வேண்டும். இருப்பதை மட்டும் எழுதினால் போதும், சொந்தக் கணக்கு எதுவும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவைத்தேன். மனுஷன் அப்படியே செய்தார்.

ஆவணி பிறந்ததும் கிணறு ஏறத் தொடங்கியது. மழைமானியிலோ பேருக்குத்தான் மழை. சாத்தூர்ப் பக்கம் நன்றாகப் பெய்ததாக அங்குள்ள பதிவு சொன்னது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுக்கு ஒரு கொம்பு நனைந்தால் மறு கொம்பு காயும் என்று சொல்லுகிற ஊர் எங்களுடையது. அக்காவிடம் போனில் கேட்டேன். மழை ஒன்றும் வேலையைக் கெடுக்கவில்லை, சரக்கெல்லாம் நன்றாகக் காய்கிறது என்றாள். அது போதுமே என்று விட்டுவிட்டேன்.

மழை இல்லாமல் கிணறு ஏறுகிறதென்றால் தண்ணீர் வேறு எங்கிருந்தோ வருகிறது. மேற்கே, தெளிந்த காலையில் மட்டும் நீலமாகத் தெரியும் மலைத்தொடரை நினைத்துக்கொண்டேன். அங்கே பெய்யும் மழை பாறை வெடிப்புகளுக்குள் நுழைந்து கீழாகவே நடந்து வருகிறதோ? மாதிரியின் மேற்கு ஓரத்தில் ஓர் ஊற்றைத் திறந்துவிட்டேன். எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். திரைக்குள் இருந்த கிணறும் நிஜக் கிணறும் கை கோத்துக்கொண்ட மாதிரி ஒன்றாக ஏறின. சித்திரை மாதத்தைக் கேட்டேன். அக்காவின் கட்டம் நீலமாகவே நின்றது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் காலுக்கடியில் அந்த ஆறு வந்துகொண்டிருந்தது. காலண்டர் அடிக்கும் அச்சகங்களுக்குக் கீழே, திரி காயும் முற்றங்களுக்குக் கீழே, வெயிலில் வாய் பிளந்து கிடந்த கரிசலுக்குக் கீழே இருட்டில் அது குளிர்ந்து நகர்ந்தது. விஸ்வநத்தம் பக்கம் டேங்கர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்ற பெண்களைப் பார்த்து, கீழேதான் இருக்கிறது, கீழேதான் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அக்காவின் மல்லிகைத் தோட்டத்துக்குள் நடந்தேன். மணம்கூட வந்தது. கனவுக்கு என்ன, காசா பணமா?

லேப்டாப்பை எடுத்துப்போய் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அலுமினியத் தூள் ஏறி மினுங்கும் விரலால் அந்த நீலக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். இது நம் கிணறா என்று கேட்டாள். மலையிலிருந்தா வருகிறது என்று மறுபடியும் கேட்டாள். பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரமே மல்லிகைப் பதியனுக்குச் சொல்லிவைத்தாள். தீபாவளிக்குப் பிறகு வரமாட்டேன் என்று போர்மேனிடமும் சொல்லிவிட்டாள்.

புரட்டாசியில் ஒருநாள், மழைமானியைப் பார்த்துவிட்டு அப்படியே அவளோடு வீட்டுக்குப் போகலாம் என்று கம்பெனிக்குப் போனேன். கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். சீசன் உச்சம். களம் முழுக்கப் பட்டாசுகள் சிவப்பும் பச்சையுமாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேலை முடிகிற நேரம் மேற்கே கறுத்தது. யாரும் கூச்சல் போடவில்லை. பெண்கள் எழுந்தார்கள், தார்ப்பாய்களின் முனையைப் பிடித்தார்கள், காற்று அதை உப்பவைத்தது, அடுத்த நொடி அத்தனை நிறங்களும் அணைந்துவிட்டன. பார்த்துக்கொண்டே நிற்கலாம்போல இருந்தது. சரக்கில் ஈரம் பட்டால் அவ்வளவுதான். மேகத்தைக் கண்டதும் திறந்து கிடப்பதையெல்லாம் மூடுவது அவர்கள் கைகளில் ஊறிப்போன வேலை.

களம் முழுக்க மூடியான பிறகு அக்கா ஒரு துண்டுத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனாள். மழைமானியின் வாயில் அதைப் போட்டு, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"என்னக்கா செய்ற?"

"உன் மெஷினு நனஞ்சு கெட்டுப்போகக் கூடாதுல்ல? மேகம் போட்டா மொதல் ஞாபகமே இதுதான். கணக்கப்பிள்ளை வாரதுக்கு முன்ன நானே வந்து அவுத்துருவேன்."

பெரிய பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது. நாங்கள் ஷெட்டுக்குள் ஒதுங்கினோம். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. சொல்லிக்கொண்டு வந்த மழையையெல்லாம் அவள் மூடிவைத்திருக்கிறாள். மேகம் காட்டாமல் வந்து விழுந்தது மட்டும்தான் எனக்குக் கணக்காக வந்திருக்கிறது. அங்கே வைத்து ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் சாத்தூர்ப் பதிவையும் எந்தெந்த நாள் பெய்தது என்று மச்சானிடம் நோண்டி நோண்டிக் கேட்டதையும் வைத்து மழையைத் திரும்பப் போட்டேன். போடப் போட மேற்கு ஓரத்து ஊற்று தேவைப்படாமல் போனது. அதன் எண்ணைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், கடைசியில் அடைத்தேன். மலையிலிருந்து யாருக்கும் தெரியாமல் நடந்து வந்த என் ஆறு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயிற்று. செத்த வீட்டில் இருப்பது போல இருந்தது. சித்திரை மாதத்தைக் கேட்டேன். அக்காவின் கட்டம் மஞ்சளாகி, சிவந்து நின்றது. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்ததாக வைத்துக் கேட்டால் மட்டும் நீலம் தங்கியது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். எப்படியாவது அவள் அந்த வேனிலிருந்து இறங்கட்டும் என்று இருந்தது. ஆனால் வேலையையும் விட்டு, பூக்கிற மாசத்தில் செடியும் காய்ந்துபோனால் அவள் எங்கே போவாள்?

ஞாயிற்றுக்கிழமை கிணற்று மேட்டில் வைத்துச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். அப்படியென்றால் மலையிலிருந்து ஒன்றும் வரவில்லையா என்றாள். இல்லை, இங்கே பெய்ததுதான் என்றேன். நல்ல மழை பெய்தால் சித்திரையில் நிற்குமா என்றாள். பெய்தால் நிற்கும் என்றேன். தார்ப்பாய் கட்டியதை நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். மச்சான்தான் தலையைக் குனிந்துகொண்டார். பதியன்காரரைக் கூப்பிட்டு இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னபோது அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை. போர்மேனிடம் நாளைக்குப் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

விடியக்காலையில் அவளோடு வேனுக்குக் காத்து நின்றேன். கிழக்கே வெளுத்திருந்தது. மேற்கே மேகம் கட்டி நின்றது. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் மாட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றவள், என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"இம்புட்டு வருசமா மேகத்தக் கண்டா, போயிரு சாமி, போயிரு சாமின்னுதான் கும்பிட்டிருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வான்னு கூப்பிட, பாப்பா?"

அதற்குள் வேன் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.