ஓர் உழவு மழைக்காக

கடல் பார்க்கப் போன இடத்தில், ஊரில் மழை பெய்ததாம் என்று கேள்விப்பட்டு, கடலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவன் நான். அவ்வளவு தண்ணீரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எங்கோ விழுந்த நாலு தூறலுக்காக ஓடியவனை எந்த ஊரிலும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். எங்கள் ஊரில் மட்டும் ஒருவேளை சொல்லியிருப்பார்கள், அந்த மழை என் நிலத்தில் பெய்திருந்தால்.

நிலம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இண்டூருக்குப் பக்கத்தில் ஒன்றே கால் ஏக்கர் மானாவாரி, எங்கள் பேச்சில் காடு. நான் தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லாடுகிறவன். அந்தக் காட்டில் உண்மையில் பாடுபடுகிறவள் என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்தான் இறந்த பிறகு எங்கள் ஊர் வீட்டுக்கே வந்துவிட்டாள். கேழ்வரகும் நிலக்கடலையும் அவள் கைப்பாடு. என் பங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் வரப்பில் நின்று, விவசாயத்தைப் பற்றி நான் படித்ததையெல்லாம் அவளுக்குச் சொல்வது. பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு தனக்குத் தெரிந்தபடி செய்வாள்.

ஐம்பத்தெட்டு வயதுவரை அக்கா கடலைப் பார்த்ததில்லை. அவள் பார்த்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல்தான், அதுவும் ஆடிப்பெருக்குக் கூட்டத்தின் முதுகுகளுக்கு நடுவில். ஊர்ப் பெண்கள் சிலர் கோயில் சுற்றுலா போய்வந்து சொன்ன ஒரு சங்கதி அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. அலை திரும்பும்போது காலுக்கடியில் மண் ஓடுமாம்.

"நெசமாவா? நின்னுக்கிட்டு இருக்கறப்பவே ஓடுமா? அப்ப ஆளு உழுந்துர மாட்டாங்களா?" என்று என்னிடம் நாலைந்து தடவை கேட்டிருக்கிறாள்.

ஒவ்வொரு தடவையும் நான் நிலவின் ஈர்ப்பில் ஆரம்பித்து விளக்கினேன். அவள் கேட்டது அதையல்ல என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து மண்மேல் நின்று வேலை செய்தவளுக்கு, நிற்கும்போதே நழுவிப் போகிற மண்ணை ஒருமுறை காலால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம் மனைவியும் அக்காவும் நானும் மூன்று நாள் இருந்துவிட்டு வருவதாகப் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். மே மாதத்தில் கடற்கரைக்குப் போகலாம் என்பது என் யோசனை. கடற்காற்று குளிர்ச்சியானது என்று எங்கோ படித்திருந்தேன். எழுதியவர் மார்கழியில் போயிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வெயில் அடிக்கும், அடித்துவிட்டுப் போய்விடும். அந்த ஊர் வெயில் நம்மை இட்லிப் பானைக்குள் உட்காரவைத்து மூடிபோட்டு விடுகிறது. விடுதி அறையில் ஏசி இருந்தது. சத்தம் நன்றாகவே வந்தது.

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். நாங்கள் நின்ற இடத்தில் கரை நெடுகக் கருங்கல் பாறைகளைக் கொட்டியிருந்தார்கள். கடல் அதற்கு அப்பால் வந்து மோதிக்கொண்டிருந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தாள். 

"எறங்க முடியாதா?" என்றாள்.

நாளைக் காலை மணல் இருக்கிற இடத்துக்குப் போகிறோம், ஆறு மணிக்கு ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றுமே கஞ்சத்தனம் செய்ததில்லை. அறைக்குத் திரும்பியதும் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய நீலச் சேலையை எடுத்து நாற்காலியின்மேல் மடித்து வைத்தாள். நனைவதற்கென்றே தனியாகக் கொண்டுவந்திருக்கிறாள்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு என் கைபேசி அடித்தது. ஊரிலிருந்து சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. "அண்ணா, ராத்திரி நல்ல மழைங்கண்ணா. ஒரு ஒழவு மழை" என்றான்.

எங்கள் பக்கம் மழையை மில்லிமீட்டரில் அளப்பது வானிலைக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஏர்தான் கணக்கு. மண் ஒரு தடவை உழுகிற அளவுக்கு நனைந்தால் அது ஓர் உழவு மழை. கோடையில் அப்படி ஒன்று கிடைத்தால் ஈரம் காய்வதற்குள் ஓட்டிவிட வேண்டும். இருக்கிற ஒன்றிரண்டு டிராக்டருக்கு அன்றைக்கு ஊரே வரிசையில் நிற்கும். இதையெல்லாம் படபடவென்று சொல்லி, ஏழு மணி பேருந்தைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் ஊர் போய்விடலாம் என்று முடித்தேன்.

கடலுக்குப் போய்விட்டு மத்தியானம் கிளம்பினால் ஆகாதா என்று மனைவி கேட்டாள். ஈரம் உனக்காகக் காத்திருக்குமா என்றேன். அதுவரை அந்த நிலத்தில் நான் மண்வெட்டி பிடித்தது ஒரே தடவை, அதுவும் போட்டோவுக்காக.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தப் பக்கம் பேஞ்சுதுன்னு கேட்டியாடா?"

"ஊர்ல பேஞ்சா நம்ம காட்டுல பேயாதாக்கா?"

என்னை ஒருமுறை பார்த்தாள். எழுந்துபோய் அந்த நீலச் சேலையை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியான இடத்தில் மற்றவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று படிப்பதில் நான் தேர்ந்தவன்.

இத்தனை நாள் கழித்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மழை ஒரு சாக்கு. முதல் நாள் மத்தியானமே, அந்தப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிய சட்டையை உரித்தபோதே, இன்னும் இரண்டு நாளா என்று மனம் முனகத் தொடங்கிவிட்டது. கௌரவமாகத் தப்பிக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தவனுக்குத் தம்பியின் குரல் அசரீரியாகக் கேட்டது. இல்லாவிட்டால் எந்தப் பக்கம் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆறு மணி ஆட்டோவும் வந்து வாசலில் நின்றது. அதே ஆட்டோவில்தான் பேருந்து நிலையம் போனோம்.

கடற்கரைக்கு உரிய உணர்வு இரங்கல் என்று பழைய இலக்கணக்காரர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கடற்கரையில் வரவில்லை. திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் தேநீர் வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்ததும் வந்தது. அப்போதுகூடத் திரும்பிப் போயிருக்கலாம். நான் டிராக்டர்காரரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். எடுக்கவில்லை.

நாலரை மணிக்குக் காட்டில் நின்றோம். செருப்படியில் புழுதி எழுந்தது. மழை பெய்தது உண்மைதான், ஏரிக்கு அந்தாண்டை. தம்பியின் காடு அங்கேதான் இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக்கு வரவேண்டிய மேகம் வத்தல்மலையோரமாகவே ஒதுங்கிப் போய்விட்டதாம். கோடை மழையில் மாட்டுக்கு ஒரு கொம்பு நனையும், ஒரு கொம்பு காயும் என்பார்கள். அக்காவுக்கு அது தெரியும். அதனால்தான் கேட்டிருக்கிறாள். அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒட்டாமல் விரலிடுக்கில் ஓடிப்போயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டிராக்டர்காரர் எதிர்ப்பட்டார். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கக்கூட இல்லை. "காலைல ஒரு மெசேஜ் போட்டிருந்தா பாத்துட்டு நானே ஓட்டி உட்டிருப்பேனே சார். நீங்க வந்து என்ன பண்றது, வரப்புல கொடை புடிச்சுக்கிட்டு நிக்கறதா?" என்றார். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அவள் தோள் குலுங்கியது.

அடுத்த வாரம் போனபோது அந்த நீலச் சேலை முற்றத்தில் விரித்திருந்தது. அதன்மேல் புளி காய்ந்தது. சேலைக்கும் உப்புப் பட்டது, கடல் தண்ணீரில் அல்ல, புளிக்குப் போட்ட கல்லுப்பில்.

அடுத்த வருடம் கட்டாயம் போகலாம் என்றேன். அடுத்த வருடம் எனக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. அதற்கடுத்த வருடம் அக்காவுக்கு முழங்கால் வீங்கியது. இப்போது சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள். ஏழெட்டு மணி நேரம் பேருந்தில் உட்கார முடியாது. காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். கோடை மழை இப்போதெல்லாம் ஏரிக்கு இந்தாண்டையும் பெய்கிறது. உழ ஓடவேண்டிய அவசரம்தான் இல்லை.

போன மாதம் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன். பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வரலாம், மே மாதம் வேண்டாம், தை மாதம் போகலாம், மணல் இருக்கிற இடத்துக்கே நேராக விடுகிறேன், கையைப் பிடித்துக்கொள்கிறேன், அலையில் நிற்கலாம், மண் ஓடுவதைப் பார்க்கலாம்.

அக்கா சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். கால் நிலைக்கிறவரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இப்பல்லாம் எந்திரிச்சு நின்னாலே வூட்டுத் தரையே ஓடுதுடா" என்றாள். "அதுக்கு எதுக்கு அம்மாந்தூரம்?"