ஒரு காதில் மட்டும் கம்மல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், திருவண்ணாமலை பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன மண்டபத்தில் நடந்தது இது. எங்கள் மகளுக்கு அன்று காதுகுத்து. அவளுக்கு அப்போது நான்கு வயது. ஒன்றரை வயதில் அவளை முறைப்படி தத்தெடுத்து, வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம்.

அவளுக்குக் கோபம் ஜாஸ்தி. கடிப்பாள், கையில் கிடைத்ததை வீசுவாள். அதட்டினால் இன்னும் ஏறும். குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டோம். சில பிள்ளைகளுக்குச் சட்டென்று கோபப்படும் சுபாவம் பிறவியிலேயே உண்டு, ஆனால் அதைக் கூட்டுவதும் குறைப்பதும் வளர்க்கிற வீடுதான் என்றார். பொறுமை என்பது எனக்குக் கிடையவே கிடையாது, அவளுக்காகக் கற்றுக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வந்தால் பேசாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து என் மடியில் தலை வைத்துக்கொள்வாள். ஒரு வருடத்தில் கடிப்பது கிட்டத்தட்ட நின்றே போனது.

காதுகுத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். என் அண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்து, ஆசையாகத்தான் அவளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி வலது காதைக் குத்தியதும் வீறிட்டாள். கொஞ்ச நேரம் விடுங்கள், தானே அடங்கிவிடுவாள் என்று கெஞ்சினேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லோரும் பறந்தார்கள். இரண்டு பேர் தலையைப் பிடித்தார்கள், அண்ணன் கைகளை இறுக்கினார். அவள் அவர் கையைக் கடித்துவிட்டாள்.

அண்ணன் அவளைக் கீழே இறக்கிவிட்டார். "பெத்தவங்க யாருன்னே தெரியல. கெட்ட ரத்தம் எங்க போவும்?"

இதே அண்ணன் சின்ன வயதில் சோற்றுத் தட்டை வீசாத நாள் கம்மி. அதை ரோஷம் என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவர் ரத்தத்தை யாரும் விசாரித்ததில்லை. அதை அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனார். அதோடு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அதன்பிறகு மகளுக்குக் கோபமே வரவில்லை. பொம்மையை யாராவது பிடுங்கினால்கூட விட்டுவிட்டு நின்றாள். சொந்தக்காரர்கள் திருந்திவிட்டாள் என்றார்கள். நானும் நம்பிக்கொண்டேன்.

ஒருநாள் மாலை வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அழவில்லை. குழாயடியில் உட்கார்ந்து, ரத்தம் வர வரக் காயத்தைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கெட்ட ரத்தம் எல்லாம் போயிடட்டும்மா. அப்புறம் மாமா வருவாரு இல்ல?"

அவளை அள்ளிக்கொண்டு அழுதேன். உன் ரத்தத்தில் கெட்டது ஒன்றும் இல்லை என்று அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன். தலையாட்டுகிறாள். நம்புகிறாளா என்று தெரியவில்லை.

இப்போது அவளுக்கு ஆறு வயது. இடது காதை இன்னும் குத்தவில்லை. பழையபடி ஒரு பொம்மையையாவது வீச மாட்டாளா என்று ஏங்குகிறேன். அவள் பிறவியிலேயே கொண்டுவந்த கோபத்தை ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றிவிட்டேன். எங்கள் வீட்டு மனிதர் கொடுத்த அந்த ஒரு வார்த்தையை ஆற்ற இன்னும் எத்தனை வருடம் உட்கார வேண்டுமோ.