விடுபட்ட ஐந்து பேர்

காலை ஒன்பது இருபது. குளிப்பாட்டுவதற்காக மகனின் கையைத் தூக்கினேன். விட்டதும் அது நனைந்த துணிபோல விழுந்தது. பிறந்து நாற்பத்தோரு நாள். அவன் அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

தூத்துக்குடியில் நாங்கள் பார்த்த முதல் மருத்துவர், பிரசவத்தில் மூச்சுத் திணறியிருக்கும் என்று எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றேன். எழுதியதை அவர் அடிக்கவில்லை. ஆதாரமில்லாத அந்த ஒரு வரி மூன்று ஆண்டுகள் எங்களோடு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வந்தது. கூடவே வலிப்பு, மாதம் ஒரு நெஞ்சுச்சளி, ஹைப்போடோனியா (தசைகளில் இறுக்கம் இல்லாமை).

மதுரையில் மரபியல் மருத்துவர் குடும்ப வரைபடம் போட உட்கார்ந்தார். முதல் கேள்வி என் உம்மாவுக்கு.

"எத்தனை பிள்ளைங்கம்மா? தங்காததையும் சேர்த்துச் சொல்லுங்க."

"ரெண்டு பொம்பளப் புள்ள. வேற இல்ல."

மருத்துவர் இரண்டு வட்டங்கள் போட்டார்.

ரத்தப் பரிசோதனையில், மகனின் எக்ஸ் குரோமோசோமில் (பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றுமாக இருக்கும் மரபிழை) ஒரு மரபணு மாறியிருந்தது. பெண்கள் நோயில்லாமல் அதைச் சுமப்பார்கள். அவர்களுடைய ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் அது வரப் பாதி வாய்ப்பு. சில கருவிலேயே போய்விடும். என் ரத்தத்திலும் அது இருந்தது. முடிவு வந்து நான்கு மாதத்தில், நிமோனியாவில் (நுரையீரல் அழற்சி) மகன் இறந்தான். மூன்று வயது ஏழு மாதம்.

காயல்பட்டினத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். உம்மா, அவர் தங்கையான சாச்சி, நான், எல்லோரும் குடித்தனம் நடத்தியது ஒரே வீட்டில். அதனால் பழி வீட்டின்மேல் விழுந்தது. முதலில் வாசலை இடம் மாற்றினார்கள். பிறகு என் தங்கை சபீயாவுக்கு அடுத்த தெருவில் புது வீடு கட்டினார்கள். அங்கே அவள் கருவுற்றாள்.

ஒன்பதாவது வாரம். அவளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உம்மாவிடம் சொன்னேன்.

"அந்த வீட்டு முஸீபத்து, அந்தப் பீடை, அவளுக்கு எதுக்கு? அதுக்குத்தானே புள்ள வேற வீடு கெட்டுனோம்."

சாச்சியிடம் போனேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார். அவருக்குத் தங்காதவை மூன்று: எட்டு மாதத்தில் ஒருவன், இரண்டு வயதில் ஒருவன், இறந்தே பிறந்தவன் ஒருவன். உம்மாவுக்கு இரண்டு: ஒன்று கலைந்தது, இன்னொருவன் எனக்கு மூத்தவன், நான்கு வயதுவரை இருந்தான், கடைசிவரை கழுத்து நிற்கவில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒங்க ரெண்டு பேருக்கும் மாப்பிள்ள வந்திருக்குமா?"

காய்ச்சல், ஜன்னி, பலவீனம் என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு மருத்துவர் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதியிருந்தால் என் திருமணத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். இதைப் படிக்கும் நீங்கள் முதலில் உங்கள் வீட்டுப் பெண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். கலைந்ததைக் கேளுங்கள். பெயர் வைக்காததைக் கேளுங்கள். கோபப்படுவார்கள், பரவாயில்லை.

உம்மா எதிரிலேயே சபீயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, உம்மாவிடம் கேட்டாள்.

"வாசலை மாத்துனீங்க, வீட்டை மாத்துனீங்க. என்னை ஒருநாளு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத் தோணலையா உம்மா?"

உம்மா மறுநாள் எங்களோடு மதுரைக்கு வந்தார். மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"நாலு," என்றார் உம்மா. "ரெண்டு தங்கல."

என் உடம்பு எனக்கு ஒரு நாளும் வலி கொடுத்ததில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் இதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் நல்ல உடம்பு என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. நாள்காட்டியும் பார்ப்பதில்லை, தங்கையின் வாரங்களை எண்ணுகிறேன்.

அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு திங்களன்று வந்தது. அவளிடமும் அந்த மாற்றம் இருக்கிறது. கருவுக்கும் அது வந்திருக்கிறதா என்று பார்க்க, நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுக்கும் பரிசோதனை வியாழக்கிழமை. அன்று அவளுக்குப் பன்னிரண்டு வாரம் நான்கு நாள்.